வாய்க்கு எழுதும் டீச்சர்

சத்தமாகப் படித்துக்காட்டுவதற்கென்றே படக்கதை எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கொடைக்கானல் அருகே பள்ளங்கியில் இருக்கிறார் என்று நண்பர் சொன்னார். கொடைக்கானலுக்கு இது புதிதில்லை. வகுப்புக்குள் நுழைந்த சாரைப்பாம்பைப் பிடிக்கும் இருளர் சிறுவன் காளியின் கதையைத் துளிகா பதிப்பகத்துக்கு எழுதிய ஜை விட்டேகர், இங்குள்ள சர்வதேசப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அவர் எழுதியது ஆங்கிலத்தில். பள்ளங்கி டீச்சர் எழுதுவது தமிழில். பெயர் போடக் கூடாது என்பது மட்டும் அவருடைய நிபந்தனை.

பள்ளங்கிக்கு அருகே வில்பட்டிப் பக்கம் சரிவெல்லாம் படிப்படியாகத் தோட்டங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு இந்த மண்ணின் பயிர். தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் டீச்சரின் முதல் வாசகர்கள். வாசகர்கள் என்பதைவிடக் கேட்பவர்கள்.

ஈராசிரியர் பள்ளியில் காலம் கழித்தவர். ஐந்து வகுப்பும் இரண்டே அறையில். ஒரு வகுப்புக்குப் படித்துக்காட்டினால் மற்ற வகுப்புகளும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்குமாம். “பாடத்துல இருக்கிற வாக்கியம் பாதியிலயே எனக்கு மூச்சு வாங்கும் தம்பி. ‘சென்றுகொண்டிருந்தபொழுது’ன்னு வாசிச்சா பின்வரிசைப் பையன் கொட்டாவி விடுவான். ‘போனான். நின்னான்.’னு நானே மாத்திச் சொல்லுவேன்.” அப்படி வாயாலேயே திருத்திப் பழகியவர், ஓய்வுக்குப் பிறகு எழுத உட்கார்ந்தார்.

அவருடைய கருவி ஊசியும் நூலும். பழைய மாதக் காலண்டர் தாள் நான்கை எடுத்து, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய இரண்டிரண்டாக ஒட்டி மடித்து, நடுவில் தைத்து மாதிரிப் புத்தகம் செய்கிறார். பென்சிலில் குச்சி மனிதர்கள், கீழே ஒரு வரி. அதைப் பக்கவாட்டில் பிடித்துப் பிள்ளைகளுக்குக் காட்டியபடியே படிக்கிறார். எந்த இடத்தில் பிள்ளை வெளியே போகும் ஆட்டைப் பார்க்கிறதோ அங்கே ஒரு பெருக்கல் குறி. தாளைத் திருப்பும் முன் “அப்புறம்?” என்று குரல் வந்தால் அந்த வரி தப்பிக்கும். ‘சிவப்புச் சட்டை’ என்று எழுதியிருந்ததை என் கண் முன்னாலேயே அடித்தார். சட்டையின் நிறத்தைப் படம் சொல்லிவிடும், நான் எதற்கு என்றார். ஒரு கதைக்கு இப்படி ஏழெட்டு மாதிரிகள். எல்லாம் ஒரு அரிசிச் சாக்கில் கிடக்கின்றன.

ஓவியருக்கு அனுப்புவது, கணினியில் பக்கம் அமைப்பது பற்றியும் விளக்கினார். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

கூலியைக் கேட்டபோதுதான் எரிச்சல் வந்தது. வெளியிட்டவர் ஒரே ஒரு தொகை கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார். மறுபதிப்பு வந்ததைக் கடைக்காரர் சொல்லித்தான் டீச்சருக்கே தெரியும். பொது நூலகங்களுக்கு நூல் வாங்குவதிலும் நீண்ட காலம் ஃபாரம் கணக்குத்தான்: 16 பக்கம் ஒரு ஃபாரம். நானூறு பக்க நாவலை நிறுக்க உகந்த தராசில் பல வண்ணப் படக்கதையையும் வைத்தால் யார் அச்சிடுவார்? சிறுவர் கதைகளுக்கான ஸ்டோரிவீவர் இணையதளத்தின் முதல் நிலைக் கதைக்கு உச்ச அளவே 250 சொல். வெட்ட வெட்டத்தான் இந்த வேலை தேறும். நம் சந்தையோ நீட்டினால்தான் காசு தரும். இடையில் நிற்கும் விநியோகஸ்தரின் கழிவு மட்டும் ஒருபோதும் சுருங்குவதில்லை.

அரசு 2023இல் வாசிப்பு இயக்கம் தொடங்கி ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலை வகுத்துச் சிறு நூல்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது; நல்ல காரியம். அதே கையோடு படக்கதைக்குத் தனி விலை முறை வேண்டும். எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் ஒவ்வொரு பதிப்புக்கும் ராயல்டி எழுத்துப்பூர்வமாக வேண்டும். பதிப்பகத்தார் இதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.