ஆட்கொணர்வு மனு: சில குறிப்புகள்

1976 மார்ச் 1, நெருக்கடி நிலைக் காலம். கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கக்கயம் முகாம். பெஞ்சில் மல்லாத்திக் கட்டிப்போட்டு, தொடைமேல் கனத்த மர உருளையை அழுத்தி உருட்டுவார்கள். அங்கே அதற்கு ‘உருட்டல்’ என்றே பெயர். ராஜன் அங்கேயே செத்துப்போனார். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

*

அப்பா ஈச்சர வாரியர், ஹிந்திப் பேராசிரியர். மகன் எங்கே என்று மனு மேல் மனுவாக எழுதினார். விசாரணையின்றிக் காவலில் வைக்கும் மிசா சட்டத்தில் பிடித்தவருக்குக் காரணம்கூடச் சொல்ல வேண்டாம் என்று சட்டத்தையே திருத்தி வைத்திருந்த காலம். ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லிப் பார்த்தன. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. நீதிபதிகளில் நான்கு பேர் ஒரு பக்கம், எச்.ஆர். கன்னா மட்டும் எதிர்ப்பக்கம். சட்டவிரோதமாக ஒருவர் உயிரையே எடுத்தாலும் கோர்ட் தலையிட முடியாதா என்று விசாரணையில் கேட்டவர் அவர்தான். முடியாது என்றார் அரசின் தலைமை வழக்கறிஞர். அடுத்த ஜனவரியில் கன்னாவைத் தாண்டி இளையவரைத் தலைமை நீதிபதியாக்கினார்கள். கன்னா ராஜினாமா செய்தார். அந்தத் தீர்ப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றமே சொல்ல 2017 வரை ஆனது.

*

1977 மார்ச்சில் நெருக்கடி நிலை போனதும் வாரியர் கேரள உயர் நீதிமன்றம் போனார். ராஜனைப் பிடிக்கவே இல்லை என்று அரசு சாதித்தது. பிடித்தது உண்மை, ஆளைக் கொண்டுவா என்றது கோர்ட். நெருக்கடி நிலையில் உள்துறையை வைத்திருந்த கருணாகரன், முதல்வராகி ஒரு மாதத்தில் பதவி விலகினார். ஒரு வருஷமாகக் கிடைக்காத பதில், மனுவை எடுத்துக்கொண்ட சில வாரங்களில் வந்துவிட்டது. ஆட்கொணர்வு மனுவின் வலிமைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

*

1976 பிப்ரவரியில் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகளை அடித்தார்கள். அடிபட்டவர்களில் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். பிறகு நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது.

*

‘அது எமர்ஜென்சி, அப்படித்தான் இருந்திருக்கும்’ என்று சொல்லி முடித்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழ்நாட்டுக் குண்டர் சட்டம் 1982-இல் வந்தது. அதற்கு எமர்ஜென்சி தேவைப்படவில்லை. கலெக்டரோ கமிஷனரோ கையெழுத்துப் போட்டால், வழக்கு விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே. உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுகளை எத்தனையோ தடவை ரத்து செய்கிறது. அதற்குள் மாதங்கள் போய்விடும். கூலிவேலைக்காரர் வீட்டில் அந்த மாதங்களின் வாடகையை யார் கட்டினார்கள்?

*

2020 ஜூன், சாத்தான்குளம். ஓர் அப்பாவும் அவர் மகனும் போலீஸ் லாக்அப் அடியில் இறந்தார்கள். நிலையத்தில் சிசிடிவி இருந்தது. பதிவு தினம் தினம் தானாக அழியும்படி அமைத்திருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டார். அதே ஆண்டு டிசம்பரில், எல்லா நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். உங்கள் ஊர் நிலையத்தில் எத்தனை நாள் பதிவு இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேளுங்கள்.