அப்படியே இருக்கார்

வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களில் ஒருமுறை போனில், "முதல்ல பேரன்ட்டை கில் பண்ணு. சைல்டெல்லாம் ஆர்ஃபன் ஆயிடும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். காபி டம்ளரோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு வேலை இன்னொரு வேலையைத் தொடங்கிவைத்தால் முதலாவது பேரன்ட், அடுத்தது சைல்ட் என்று விளக்கினேன். "பேர் வைக்க வேற வார்த்தையே கிடைக்கலையாடா?" என்றார்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் அகராதி நான்தான். பேங்க் மெசேஜ், மருந்துச் சீட்டு எல்லாவற்றுக்கும். அந்தத் தெம்பில்தான் அப்பா ஐசியூவில் இருந்தபோதும் வாயைத் திறந்தேன்.

டாக்டர் வெளியே வந்து, "கிரிட்டிக்கல். பட் ஸ்டேபிள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கிரிட்டிக்கல் எனக்குப் பழகிய சொல். ஆபீஸில் ஒரு பிழைக்கு அந்தப் பெயர் வைத்தால் இன்றிரவு தூக்கமில்லை என்று பொருள். அணு உலையிலோ அது நல்ல செய்தி: தொடர்வினை தன்னைத்தானே நடத்திக்கொள்ளத் தொடங்கிவிட்டது. கூடங்குளத்தின் முதல் உலை 2013 ஜூலை 13 அன்று கிரிட்டிக்கல் ஆனது. விமர்சகரை கிரிட்டிக் என்பதும் இதே கிரேக்க வேரிலிருந்துதான், பிரித்தறிவது, தீர்ப்பது. பழைய கிரேக்க மருத்துவர்கள், நோய் பிழைப்பா இறப்பா என்று திரும்புகிற கட்டத்தை கிரிசிஸ் என்றார்கள்.

இதெல்லாம் பிறகு தேடிப் படித்தது. அன்று அந்தச் சொல்லைக் கேட்கவே பயந்து, அடுத்த சொல்லைப் பிடித்துக்கொண்டேன். ஸ்டேபிள். எங்கள் தொழிலில், சோதித்து முடித்து, நம்பிக் கையில் கொடுக்கலாம் என்கிற பதிப்புக்கு அந்தப் பெயர்.

"என்னடா சொல்றாரு?"

"நல்லா இருக்காராம்மா. நீ வீட்டுக்குப் போய் குளிச்சிட்டு, கொஞ்சம் தூங்கிட்டு வா."

மூன்று நாளாக நாற்காலியிலேயே இருந்தவர், என் பேச்சை நம்பிப் போனார். அன்று இரவு அப்பாவுக்குக் கொஞ்ச நேரம் நினைவு வந்தது. என்னை உள்ளே கூப்பிட்டார்கள். "அம்மா எங்கே?" என்றார். வந்துடுவாங்கப்பா என்றேன். காலையில் அம்மா வந்தபோது வென்டிலேட்டர் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அப்பா பேசவில்லை.

மறுநாள் நர்ஸிடம் கேட்டேன், ஸ்டேபிள்னுதானே சொன்னாங்க? அவர் பொறுமையாகச் சொன்னார்: "ஸ்டேபிள்னா தேறிட்டாருன்னு இல்ல சார். அப்படியே இருக்கார்னு அர்த்தம்."

லத்தீனில் 'நிற்பது' என்பதுதான் அந்தச் சொல்லின் வேர். குதிரை லாயத்துக்கும் அதே சொல், அதே வேர். முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. நின்றிருக்கிறது. அவ்வளவுதான். அதற்குத் தமிழில் நல்ல வார்த்தை இருந்தது, என் வாயில் வரவில்லை. 'அப்படியே இருக்கார்' என்று சொல்லியிருந்தால் அம்மா அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

அப்பா கேட்டதை இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. வாரம் இரண்டு முறை போன் செய்கிறேன். எப்படிம்மா இருக்கே என்றால் ஒரே பதில்தான்.

"அப்படியேதாண்டா இருக்கேன்."