மண்ணுக்குள் ஒரு சூரியன்

2025 சனவரியில் ஒரு நாள் மாலை. செபமாலை முடிந்து வெளியே வந்தேன். தொட்டியத்தில் எங்கள் கோவில் முற்றத்தில் சிறுவர் நால்வர் ஒரு கைப்பேசியை வானத்தை நோக்கிப் பிடித்துக் கூச்சலிட்டுக் கொண்டிருந்தனர். சினத்தோடு அதைப் பறித்தேன்.

"சாமி, இது பாடந்தான்! யார் முதலில் கோளைக் கண்டுபிடிப்பது என்று விளையாடுகிறோம்" என்றான் ஒருவன்.

கருவியைக் கிழக்கே உயர்த்தினேன். திரையில் தெரிந்த வானத்தின் மீது 'வியாழன்' என்னும் பெயர் தோன்றிற்று. கண்முன் உள்ள காட்சியின் மேல் கணினி தன் சித்திரத்தைப் பொருத்தும் இம்முறையை மிகைமெய்ம்மை என்பர். 2016-இல் வெளிவந்த போக்கிமான் கோ விளையாட்டு இதனை உலகெங்கும் பரப்பிற்று. நாம் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள்களாலும், திசையைக் காந்த உணரியாலும் அறிந்து, எந்தக் கோள் எங்கே என்று அது கணக்கிடுகிறது.

கை தாழ்ந்தது. மேற்கே, வாழைத் தோட்டத்திற்கும் கீழே, திரையில் சூரியன்! நால்வரும் சிரித்தனர்.

ஐந்தாமவன் ஒருவன் சற்று விலகி நின்றான். தோட்டக் கூலியாளின் மகன். அதுவரை கைப்பேசி அவன் கைக்கு வரவே இல்லை. "சாமி, சூரியன் மண்ணுக்குள்ளேயா இருக்கு?" என்று கேட்டான்.

நான் திகைத்தேன். கருவி விடையைக் காட்டியது. வினாவை எழுப்பியவனோ அதனைத் தொடாத பிள்ளை! ஓர் எலுமிச்சம்பழத்தையும் கைவிளக்கையும் கொண்டு, பழத்தின் மறுபக்கத்தில் பகல் இருப்பதை அவனுக்குக் காட்டினேன். பின்னர் கைப்பேசியை அணைத்துவிட்டு, வெறுங்கண்ணால் வியாழனைத் தேடச் சொன்னேன். அவனே முதலில் கண்டான். பைனாகுலரை மதில்மேல் ஊன்றிப் பார்த்தபோது, கோளின் அருகே சிறு ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. 1610-இல் கலிலேயோ தொலைநோக்கியில் கண்ட அதே நிலவுகள்!

பெற்றோரே, இத்தகைய விளையாட்டைப் பழிக்க வேண்டாம். நானும் அவசரப்பட்டே பறித்தேன். அது சுட்டு விரல். விரல் காட்டிய திசையில் பிள்ளையின் கண் செல்லட்டும். அதற்குமுன், அக்கருவி எல்லார் கைக்கும் ஒருமுறை செல்லட்டும். விலகி நிற்கும் பிள்ளையிடம் நாம் கேளாத கேள்வி ஒன்று காத்திருக்கக் கூடும்.