கடலினின்று இல்லம் மீண்டவர்

தலைமகன் தலைமகளைப் பிரியும் பிரிவுகளை வகைப்படுத்திக் கூறும் அகப்பொருள் இலக்கணத்தை யாம் சென்ற ஆண்டு வகுப்பிற் பாடங் கேட்டோம். கடல்வழிச் செலவு மகளிரொடு கூடி நிகழ்தல் இல்லை என்னுங் கருத்துப்பட ஆசிரியர் தொல்காப்பியனார் ஒரு விதி வகுத்துள்ளார். உடன்பயிலும் மாணவர் அதன் உரைவேற்றுமைகளை ஆராய்ந்துகொண்டிருக்க, எம் உள்ளமோ இல்லத்தை நோக்கி ஓடிற்று. என்னை? எம் தந்தையார் வணிகக் கப்பலொன்றின் எந்திர அறையிற் பணிபுரிந்தவர். பத்துத் திங்கள் கடலிலும் இரண்டு திங்கள் வீட்டிலுமாகக் கழிந்தது அவர்தம் வாழ்வு. எமக்குப் பன்னிரண்டு வயதானபோது பாட்டனார் காலமாயினார். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வந்து சேர்ந்த தந்தையார் திரும்பவும் கப்பலேறவில்லை; பாட்டனாரின் சிறு பலசரக்குக் கடையில் அமர்ந்துகொண்டார். கப்பற் சம்பளத்தைத் துறந்து உப்பும் புளியும் நிறுப்பவரை யாம் உள்ளூர இகழ்ந்து வந்தோம் என்பதை ஈண்டு மறையாது எழுதுகின்றோம்.

அவ்விகழ்ச்சியை எம் நெஞ்சினின்று அகற்றியது ஓர் அயல்நாட்டாரின் வரலாறு. 2023 ஆம் ஆண்டு நவம்பர் 28 ஆம் நாள், அமெரிக்க நாட்டு அட்லாண்டா நகரத்து ஆலயமொன்றில், தொண்ணூற்றொன்பது வயது நிரம்பிய முதியவரொருவர் தம் மனைவியாரின் நினைவு ஆராதனைக்குச் சக்கர நாற்காலியிற் கொண்டுவரப்பட்டார். அவர்தம் மகளார் எமி எழுந்து, தந்தையார் எழுபத்தைந்து ஆண்டுகட்கு முன் கடற்படையிற் பணியாற்றுங்கால் தாயார்க்கு எழுதிய கடிதமொன்றைக் கண்ணீரோடு வாசித்தார். பிரிந்து மீளுந்தோறும் தம் உள்ளம் புதிதாய் அவர்பால் ஈடுபடுவதை அக்கடிதத்தில் அவர் எழுதியிருந்தார். அக்காட்சியைப் பின்னர்த் திரையிற் கண்ட யாம், இவர் வரலாற்றை அறியவேண்டுமென விழைந்தோம். அவரே அமெரிக்க நாட்டின் 39 ஆம் குடியரசுத் தலைவராய் விளங்கிய ஜிம்மி கார்ட்டர்.

கார்ட்டர் 1924 ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், ஜார்ஜியா மாநிலத்துப் பிளெயின்ஸ் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் நிலக்கடலையும் பருத்தியும் விளைத்த உழவர், கடையும் வைத்திருந்தவர். தாயார் லில்லியன் மருத்துவச் செவிலியர். கடலையே காணாத அவ்வூரிலிருந்த சிறுவனுக்குக் கடல்மேல் ஆசை பிறந்தது எங்ஙனம்? அவனுடைய தாய்மாமன் கடற்படையிற் பணியாற்றி, தூரதேசத் துறைமுகங்களிலிருந்து அஞ்சலட்டைகள் விடுத்துவந்தார். தாய்மாமன் கொணரும் பொருள்களுள் இத்தகைய கனவும் ஒன்று போலும்! 1943 இல் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியிற் புகுந்து, 1946 இற் பட்டம் பெற்று, அடுத்த திங்களே தம் ஊரினரான ரோசலினை மணந்தார். அவ்வம்மையார் பிறந்த மறுநாளே, மூன்று வயது நிரம்பாத கார்ட்டரைத் தாயார் அழைத்துச் சென்று அக்குழவியைக் காட்டினார் என்பர். முதன்முறை மணம்பேசியபோது ரோசலின் மறுத்தார். கல்வியை முடிப்பேன் என இறக்குந் தறுவாயிலிருந்த தந்தைக்கு அளித்த வாக்கே அதற்குக் காரணம்.

பின்னர் நீர்மூழ்கிக் கப்பற் பணி. பசிபிக் பெருங்கடலிற் பாம்பிரெட் என்னுங் கப்பலின்மீது இரவில் நின்றிருந்த அவரைப் பேரலையொன்று அடித்துச் சென்றது. கப்பலின் பின்புறத்திலிருந்த பீரங்கிக் குழலைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பினார். மூத்த மகன் வர்ஜீனியாவிலும், இரண்டாமவன் ஹவாயித் தீவிலும், மூன்றாமவன் கனெக்டிகட்டிலும் பிறந்தமை அக்குடும்பம் அலைந்த அலைச்சலைக் காட்டும். 1952 இல் அணுவிசைக் கப்பல்களை உருவாக்கிய ரிக்கோவர் என்னுந் தலைவரின்கீழ்ப் பணியேற்றார். கல்லூரியில் உன்னால் இயன்ற அனைத்தையும் செய்தனையோ என ரிக்கோவர் வினவ, எப்பொழுதும் செய்திலேன் என உண்மை கூறினார் கார்ட்டர்; ஏன் செய்திலை என்னும் மறுவினாவுக்கோ அவரால் விடை கூற இயலவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் கனடா நாட்டுச் சாக் ரிவர் அணுவுலை பழுதுற்றபோது, அதனைக் கழற்றச் சென்ற குழுவினருக்கு அவர் தலைமை தாங்கினார். கதிர்வீச்சின் கொடுமையால் ஒருவர் உள்ளே ஏறக்குறைய 90 நொடியே நிற்கலாம். ஆதலின் அருகிலிருந்த டென்னிஸ் ஆடுகளத்தில் உலையின் மாதிரி ஒன்றமைத்து ஒத்திகை பார்த்தபின்னரே இறங்கினர். இங்ஙனம் உயர்பதவிகள் அவரை நோக்கி வந்துகொண்டிருந்தன.

அந்நிலையில், 1953 ஜூலையில், தந்தையார் புற்றுநோயால் மரணப்படுக்கையிற் கிடந்தார். விடுப்பிற் சென்று அருகமர்ந்த மகன், கறுப்பரும் வெள்ளையருமாய் வந்து கண்ணீர் விட்ட மக்களைக் கண்டார். கடன் பெற்றவரும், பிள்ளைகட்குத் துணி பெற்றவருமாக ஒவ்வொருவரும் ஒரு நன்றியைக் கூறினர். அவற்றுட் பல அதுகாறும் வெளிவராத உதவிகள். கடற்படையில் எத்துணை உயர்ந்தாலும் தம் வாழ்வு இவ்வொரு சிற்றூர் மனிதரின் வாழ்வுக்கு ஈடாகுமோ என்னும் ஐயம் அவரைப் பற்றியது. பதவியைத் துறந்தார். கடலை நீத்தவர் கடலை விதைக்கத் துணிந்தார் எனச் சிலேடை கூறலாம்.

ஆயின், இம்முடிவை அவர் மனைவியாரைக் கேளாமலே செய்தார். கடற்படை வாழ்வில் தமக்கெனத் தனிவீடும் உரிமையுங் கண்டு மகிழ்ந்திருந்த ரோசலின் அம்மையார் அழுதார், சினந்தார். ஊர் திரும்பிய நெடுவழி முழுதும் கணவரோடு நேரிற் பேசாது, வேண்டியவற்றை மூத்த மகன் வாயிலாகவே கூறி வந்தாராம். ஊரிலோ வறட்சி. ஏழைகட்கென அரசு கட்டிய வீட்டிற் குடியிருந்து, முதல் ஆண்டு உழைத்தும் கிடைத்த ஆதாயம் 300 டாலரையும் எட்டவில்லை. பிற்பாடு அம்மையார் கணக்கேடுகளைக் கையிலெடுத்தார். விரைவில் வாணிகத்தின் நிலையைக் கணவரினும் நன்கறிந்தவர் ஆயினார். தம் மனைவியைக் கேளாது அன்று முடிவு செய்தது தவறு என முதுமையிற் கார்ட்டர் வெளிப்படக் கூறினார். அந்நாணயமே அவரை எமக்கு அணுக்கமாக்கிற்று.

இல்லறத்தை அவர் முழுமையாய்க் கற்றுக்கொண்டு தொடங்கினாரல்லர். வாழ்ந்து வாழ்ந்தே கற்றார். 1987 இல் இருவருங் கூடி ஒரு நூல் எழுதப் புகுந்து, நினைவுகள் மாறுபட்டு, பேச்சற்று நின்றனர். இறுதியில் இன்ன பத்தி இன்னார் எழுதியது எனக் குறியிட்டே நூல் வெளிவந்தது. கடற்படைப் பழக்கத்தால் ஒரு நிமிடத் தாமதத்தையும் பொறாதவர் அவர். மனைவியாரின் பிறந்தநாளொன்றில் வாங்கிவைத்த பரிசு ஏதுமின்றி, இனி உன் தாமதத்தைக் குறித்து ஒரு சொல்லும் கூறேன் என எழுதிக் கையொப்பமிட்டு நீட்டினார். பிறந்தநாட் பரிசுகளுள் அதுவே சிறந்ததென அம்மையார் கொண்டாடினாராம். இரவுதோறும் இருவரும் திருமறையிற் பகுதியொன்றை ஸ்பானிய மொழியில் மாறிமாறி வாசித்தபின்னரே உறங்கினர்.

அவர் ஜார்ஜியா மாநில ஆளுநராயும், 1977 முதல் 1981 வரை குடியரசுத் தலைவராயும் இருந்த செய்திகளை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும். நம் நாட்டுத் தொடர்பொன்றை மட்டும் கூறுவோம். அவருடைய தாயார் தம் அறுபத்தெட்டாம் வயதில் அமைதிப்படைத் தொண்டராய் 1966 இற் பம்பாயை அடுத்த விக்ரோலிக்கு வந்து, இரண்டாண்டு செவிலியர் பணி புரிந்தார். 1978 ஜனவரியிற் கார்ட்டர் சென்று கண்ட அரியானாச் சிற்றூர் அவர் பெயரால் கார்ட்டர்புரி என வழங்கலாயிற்று. தேர்தலில் தோற்றபின் அவர் திரும்பியதும் பிளெயின்ஸ் ஊருக்கே. 1961 இற் கட்டிய அதே வீட்டுக்கே. 1986 இல் ஏறக்குறைய 35 லட்சம் மக்களை வருத்திய நரம்புச் சிலந்தி நோய், அவர் நிறுவிய அமைப்பினர் பிறரொடு கூடி உழைத்தமையால் 2023 இற் பதினால்வர் அளவில் ஒடுங்கியது. 2002 இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றவர், தம் ஊர் ஆலயத்து ஓய்வுநாட் பள்ளியிற் பாடஞ் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

அவரது வீட்டில் நெகிழிப் பைகளைக் கழுவி உலர்த்த ஒரு சிறு சட்டம் இருந்தது என்று அவர்தம் பேரர் அடக்க ஆராதனையிற் கூறியபோது சபையோர் நகைத்தனர்; எமக்கோ எம் பாட்டியார் நினைவு வந்தது. 2024 டிசம்பர் 29 ஆம் நாள், நூறாண்டு நிரம்பியவராய்க் கார்ட்டர் உயிர்நீத்தார். எழுபத்தேழு ஆண்டு உடன்வாழ்ந்த துணைவியாரின் அருகே, தம் வீட்டு நிலத்திலேயே அடக்கம் பெற்றார்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் இவ்வரலாற்றை எம் அன்னையாரிடம் கூறி, "அப்பா கப்பலை விட்டபோது உங்களைக் கேட்டாரா?" என வினவினோம். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சற்றே கைநிறுத்தி, "கேட்டிருந்தாலும் வந்துவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

மாலையிற் கடைக்குச் சென்று தந்தையாரிடமும் கூறினோம். சர்க்கரை பொட்டலங் கட்டிக்கொண்டே முழுதும் கேட்டவர், ஒன்றே வினவினார்: "அவர் வேலையை விட்டு வந்தபோது மூத்த பையனுக்கு என்ன வயது?"

"ஆறு" என்றோம்.

"உனக்குப் பன்னிரண்டு" என்றார், மேலொன்றும் பேசிலர்.

தாம் இழந்த சம்பளத்தையன்று, எம்மோடு வாழாது இழந்த ஆண்டுகளையே அவர் இத்துணைக் காலமும் எண்ணிவந்தார் என்பதை அன்று உணர்ந்தோம். எமக்கு நாக்கெழவில்லை. அடுத்து வந்தவர் அரைக்கிலோ பருப்புக் கேட்டார். தந்தையாரை இருக்கச்சொல்லி, யாமே எழுந்து நிறுத்துக் கொடுத்தோம்.

அன்பர்காள்! பிரிவின் இலக்கணத்தை நூலாசிரியர் பலபடக் கூறிச் சென்றனர். மீண்டு வந்தவர் இல்லத்திற் காட்டும் பொறுமையையும், அவரை ஏற்பவர் காட்டவேண்டிய நன்றியையும் நாம் நம் வீடுகளிலேதான் கற்றல் வேண்டும். யாம் காலந்தாழ்த்துக் கற்கத் தொடங்கியுள்ளோம்.