சோறு சுமந்த வண்டி

போர்க்கால ஜீப்பா, பின்னால் வந்ததா என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லலாம். முன்கிரில்லில் ஒன்பது பிளவு இருந்தால் போர்க்கால வண்டி. ஏழு இருந்தால் போர் முடிந்தபின் பொதுமக்களுக்காக வந்தது. மேட்டுப்பாளையத்தில் ஒரு கிழங்கு மண்டிக்குப் பின்னால் நின்ற வண்டியில் ஒன்பது இருந்தது. கிரில்லை மாற்றிப் பொருத்தியிருக்கலாமே என்று மேலும் பார்த்தேன். ஹெட்லைட்டைப் புரட்டினால் வெளிச்சம் இஞ்சின்மேல் விழுகிறது. இருட்டில் ரிப்பேர் பார்ப்பதற்கான ஏற்பாடு. பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில். போல்ட்டுத் தலைகளில் ஃபோர்டின் 'எஃப்' எழுத்து. வில்லிஸும் ஃபோர்டும் 1941 முதல் 1945 வரை செய்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளில் இதுவும் ஒன்று.

சாவியைக் கொடுக்கும்போது வண்டியை எனக்கு விற்ற பெரியவர் சொன்னார்: "எங்கப்பா மிலிட்டரி டிஸ்போசல்ல எடுத்ததுங்க. மலையிலிருந்து மூட்டை மூட்டையாக் கிழங்கு எறக்குன வண்டி. நல்லா வெச்சுக்கோங்க."

என் தாத்தாவும் இதே ரக ஜீப்பில் மூட்டை ஏற்றியவர்தான். ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோரில் டிரைவர். துப்பாக்கியைவிட அரிசி மூட்டையைத்தான் அதிகம் தொட்டேன் என்பார். 1944இல் ஜப்பானியப் படை கொஹிமா சாலையை மறித்தபோது, இம்பாலில் இருந்தவர்களுக்கு விமானத்தில்தான் உணவு போனது. ஜூன் 22 அன்று சாலை திறந்தது. அதன்பிறகு அந்த மலைப்பாதையில் ரேஷன் கொண்டுபோனவர்களில் தாத்தாவும் ஒருவர். லாரி ஏறாத இடங்களுக்கு ஜீப்பின் பின்னால் டிரெய்லரைக் கோத்துக்கொண்டு போவார்களாம்.

அவிநாசி, காங்கேயம், கரூர் என்று நிதானமாகவே ஓட்டிவந்தேன். ஆறு வோல்ட் விளக்கை நம்பி இரவில் போக மனமில்லை; பொழுது சாய்ந்ததும் தங்கிவிட்டேன். குளித்தலையில் காவிரி இடப்பக்கம் கூடவே வந்தது. திருச்சி, துவாக்குடி தாண்டி, செங்கிப்பட்டியில் திரும்பினால் எங்கள் பூதலூர். மேட்டூர் அணை திறந்திருந்ததால் புது ஆற்றில் தண்ணீர் ஓடியது. 1934இல் முடிந்த மேட்டூர்த் திட்டத்தோடு வந்த கால்வாய் அது. எட்டு வருஷம் கழித்து ரங்கூன் வீழ்ந்து பர்மா அரிசி நின்றபோது, சென்னை மாகாணத்துக்கே தஞ்சை நெல்லின் அருமை தெரிந்தது. அந்த நெல் விளையும் ஊரிலிருந்துதான் தாத்தா, பர்மா எல்லையில் சிப்பாய்களுக்குச் சோறு போடப் போனார்.

போர் வரலாறு தளபதிகளைச் சொல்கிறது, சுமந்தவர்களைச் சொல்வதில்லை. இந்த வண்டியை வாங்கியது அவர்களை நினைவுகூரத்தான். ஐம்பது வருஷம் கடந்த வாகனங்களுக்கு 2021 முதல் 'விஏ' வரிசையில் தனிப்பதிவு உண்டு. அதற்கு மனுச்செய்யப் போகிறேன். தாத்தாவின் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டையும் பர்மா ஸ்டார் பதக்கத்தையும் கண்ணாடிச் சட்டம் போட்டு ஜீப் பக்கத்திலேயே வைப்பேன். டெல்டாவில் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரண்களில் இப்படிப்பட்ட காகிதங்கள் இருக்கும். கரையான் அரிப்பதற்குள் எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளிடம் அவற்றிலுள்ள பெயர்களைச் சொல்லுங்கள்.