விரிசலில் ஒரு கேள்வி

எங்க ராயபுரத்தில் பழைய சுவர் எதைப் பார்த்தாலும், விரிசலில் ஓர் அரசங்கன்று எட்டிப்பார்க்கும். நீங்களும் நானும் 'பிடுங்கிப் போடுப்பா' என்போம். ஜானகி அம்மாளாக இருந்தால், 'இதுக்கு எத்தனை குரோமோசோம்?' என்று கேட்டிருப்பார்.

தலச்சேரியில் 1897-ல் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர். கோவையில் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பார்த்தவர். 1945-ல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம்களுக்கு அட்லஸே போட்டார். எண்பதைத் தொட்ட வயதில் சைலன்ட் வேலியில் அணை கூடாது என்றார். மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் கடைசிவரை வேலை. 1984 பிப்ரவரியில் காலமானார். அதே நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது.

அறுபதில் ஈஸிசேர் வாங்கலாமென்று நினைத்திருந்தேன். இப்போது யோசனையாக இருக்கிறது. உங்களுக்கு?