ஒரு வருஷக் கெடு

அன்புள்ள நித்யாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. மாநில மனித உரிமை ஆணையத்தில் சால்வை, மாலை, பிரிவு உபசாரம் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். "தண்டிக்கவே அதிகாரமில்லாத ஆபீஸில் இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டிருந்தாய். லண்டனில் சட்டம் படிப்பவள் கேட்கத்தான் செய்வாய். பதிலை, அந்த ஆபீஸே இல்லாத காலத்திலிருந்து தொடங்குகிறேன்.

1992 ஜூனில் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை நொறுக்கி, ஊராரையே சிறையில் அடைத்தார்கள். அன்றைக்கு மனித உரிமை ஆணையம் என்று ஒன்று நாட்டில் கிடையாது. மலைவாழ் மக்கள் சங்கத்தார் தேடிப் போனதால்தான் விஷயம் வெளியே வந்தது. குற்றவாளிகள் 215 பேர் என்று தீர்ப்பு வந்தது 2011இல்.

1993இல் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அந்த அக்டோபரிலேயே தேசிய ஆணையம். காவலில் யார் இறந்தாலும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது அவர்கள் முதலில் போட்ட உத்தரவுகளில் ஒன்று. நம் மாநில ஆணையம் 1997இல் அமைந்தது. வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, தமிழில் எழுதி அனுப்பினால் போதும். பட்டாத் தகராறும் பங்காளிச் சண்டையும்கூட வந்து விழும், அவற்றைத் தள்ளிவிடுவோம். அடி வாங்கியவரின் மனு என்றால் அதிகாரிக்குச் சம்மன் போகும். ஸ்டேஷனில் அதட்டியவர் இங்கே எதிர்மனுதாரராக நின்று பதில் சொல்வார். அதைப் பார்த்தவர்கள் இந்த ஆபீஸைப் பல்லில்லாதது என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனாலும் நஷ்டஈடு கொடுங்கள், துறை நடவடிக்கை எடுங்கள் என்று பரிந்துரைக்கத்தான் முடியும். அரசு கோப்பை ஓரமாக வைத்துவிடலாம் என்றிருந்த நிலையை, 2021இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு மாற்றியது. அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது.

எனவே நீ குறை காண வேண்டிய இடம் வேறு. சம்பவம் நடந்து ஒரு வருஷம் தாண்டினால் ஆணையம் விசாரிக்கக் கூடாது என்கிறது அந்த 1993 சட்டத்தின் 36ஆவது பிரிவு. தேடிப்போக ஒரு சங்கமும் இல்லாத ஊரில், அடி வாங்கியவனுக்கு அந்த ஒரு வருஷம் பயத்திலேயே கழிந்துவிடும். காலம் கடந்த மனு என்று திருப்பி அனுப்பிய கடிதங்களில் என் கையெழுத்தும் இருக்கிறது. சட்டப்படி சரிதான், நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆய்வுக்குத் தலைப்பு தேடுவதாக அண்ணன் சொன்னார். இந்தக் கெடுவைத் தளர்த்துவது பற்றியே எழுதம்மா. சட்டப் புத்தகங்களை அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா